தொட்டிச் செடியும் இல்லறத்தான் கடனும்

நம் நாட்டுத் தத்துவ நூல்களில் மண்குடத்தைப் போல ஓயாது உழைத்த பொருள் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். காரியம் ஒன்றுக்குக் காரணம் மூன்று என்று காட்ட விரும்பிய சைவ சித்தாந்திகள், குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று வகுத்து, அவ்வழியே உலகத்துக்கும் ஒரு கர்த்தா உண்டென்று நிலைநாட்டினார்கள். அத்வைதிகள் அதே குடத்தைக் கையில் எடுத்து, உள்ளே அடைபட்டது போலத் தோன்றும் ஆகாசம் குடம் உடைந்தவுடன் மகாகாசத்தோடு வேறற நிற்பது போல, உபாதி நீங்கிய ஜீவனும் பிரம்மமே என்று உபதேசித்தார்கள். தார்க்கிகர்களோ குடம் இல்லாத தரையைக்கூட விட்டுவைக்கவில்லை. தரையில் குடம் இல்லை என்னும் அந்த இன்மையையே அபாவம் என்ற ஏழாவது பதார்த்தத்துக்கு உதாரணமாக்கினார்கள். இவ்வாதங்களுக்கெல்லாம் வந்து போன குடம் வெறுங்குடம். அதில் நாலு பிடி மண்ணை நிரப்பி, ஒரு கத்தரி விதையை ஊன்றி, கொஞ்சம் தண்ணீரும் தெளித்து வைத்தால், காரணத்தையும் ஆகாசத்தையும் பற்றிய விசாரத்தோடு தர்மத்தைப் பற்றிய விசாரமும் அதிலிருந்து முளைக்கக் காணலாம்.

நிலத்தில் முளைத்த செடிக்கும் தொட்டியில் முளைத்த செடிக்கும் விதை ஒன்றுதான்; வாழ்க்கை ஒன்றல்ல. நிலத்துச் செடி, மேல்மண் உலர்ந்தால் வேரைக் கீழே செலுத்தி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. ஒரு பக்கம் சத்துக் குறைந்தால் மற்றொரு பக்கம் வேரோடிப் பெற்றுக்கொள்கிறது. தொட்டிச் செடியின் வேரோ ஒரு சாண் போவதற்குள் சுவரில் முட்டி, முட்டிய இடத்தில் வளைந்து, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்து, நாளடைவில் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் பந்தாகிவிடுகிறது. மண்தொட்டியானால் அதன் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகி வேர் குளிரும், ஆனால் மண் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் தொட்டியானால் ஈரம் தங்கும், ஆனால் மொட்டை மாடி வெயிலில் பக்கங்கள் காய்ந்து வேரைச் சுடும். அடியில் துளை வைக்காவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் மூச்சடைத்து அழுகும். துளை வைத்தால் ஊற்றும் தண்ணீரோடு சத்தும் கரைந்து ஓடும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து எவ்வளவு கவனமாக நிரப்பினாலும், சில வாரங்களில் அந்த மண் வறுமையடைந்து, மறுபடி உரமிடும் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. சித்திரை வைகாசிக் காலத்தில் ஒரு நாள் மறந்தால் செடி வாடும். இரண்டு நாள் மறந்தால் பிழைப்பது அரிது.

சுருங்கச் சொன்னால், தொட்டி என்பது ஓர் உயிரின் சுயப்பிரயத்தனத்தை மறித்து, அப்பிரயத்தனத்தால் அது அடைந்திருக்கக்கூடியவற்றையெல்லாம் நம் கையிலிருந்து மட்டுமே பெறும்படி செய்யும் ஓர் ஏற்பாடு. இப்படி ஓர் உயிரைக் கட்டி வைப்பதற்கு நமக்கு அதிகாரம் உண்டா? உண்டென்றால், அந்த அதிகாரத்துக்கு ஈடாக நாம் எதற்குக் கட்டுப்பட்டவர்கள்?

கத்தரிச் செடிக்கு இவ்வளவு பெரிய விசாரமா என்று நகைப்பவர் உண்டு. ஆனால் நம் முன்னோர் இதை நகைக்கத்தக்கதாகக் கருதவில்லை. உயிர்களை அறிவின் படிகளால் வகுத்த தொல்காப்பியர், புல்லையும் மரத்தையும் தொட்டறியும் ஓரறிவு உடையன என்று முதற்படியில் வைத்தார். படி தாழ்ந்ததே தவிர, உயிர்க் கூட்டத்துக்குப் புறம்பாக அவற்றைத் தள்ளவில்லை. சமணர்களும் தாவரங்களை ஏகேந்திரிய ஜீவன்களாகக் கொண்டு, ஒரே கிழங்கில் எண்ணற்ற ஜீவன்கள் கூடி வாழ்கின்றன என்று கருதி, கிழங்குகளையும் வெங்காயம் பூண்டு முதலியவற்றையும் விலக்கினார்கள். பிற்காலத்தில் ஜகதீச சந்திர போஸ், 1901-ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தாவரங்கள் தூண்டுதலுக்கு மின்முறையில் எதிர்விளைவு காட்டுவதைச் செய்து காட்டினார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியையும் பின்னர் அமைத்தார். எதிர்விளைவு உண்டென்பதால் வேதனையும் உண்டென்று முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும் செடியை ஒரு சடப்பொருளாக எண்ணி நடத்துவதற்கு விஞ்ஞானத்தின் துணையைக் கோரவும் முடியாது.

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் வடலூர் வள்ளலார். வாடும் பயிரைக் கண்டு மனம் வாடிய அந்த மகான், தாவரமும் உயிராயிருக்க அதைத் தின்பது இம்சையாகாதோ என்ற ஆட்சேபத்தை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் தம் வசன நூலில் தாமே எழுப்பிக்கொண்டு விடை கூறுகிறார். விதை, காய், கனி, தழை முதலியவற்றைக் கொள்வதால் உயிர் போவதில்லை. நகமும் ரோமமும் களையும்போது நோவு உண்டாகாதது போலவே இதுவும் என்பது அவ்விடையின் சாரம். மாடித் தோட்டத்தில் இந்த நியாயத்தை வைத்துப் பார்த்தால் கீரைகளுக்குள்ளேயே ஒரு தாரதம்மியம் புலப்படுகிறது. முளைக்கீரையையும் சிறுகீரையையும் வேரோடு பிடுங்குகிறோம். அன்றோடு அந்தச் செடியின் கதை முடிந்தது. அரைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் கிள்ளக் கிள்ள அவை மறுபடி தழைக்கின்றன. அங்கே நாம் வாங்குவது வட்டி, முதலுக்குக் கை நீட்டுவதில்லை. சாகுபடிக்காரன் வசதியை நினைத்துச் செய்யும் தேர்வை, அறத்தை நினைப்பவனும் செய்யலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

பறிப்பதைப் பற்றிய கேள்விக்கு இவ்வாறு ஒருவாறு விடை கிடைத்தாலும், அடைத்து வைப்பதைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கு நம் சமயாசாரங்களில் ஏதேனும் குறிப்பு உண்டா என்று பார்த்தால், தொட்டியில் செடி வளர்ப்பது நகரவாசிகள் நேற்றுக் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அல்ல என்பது முதலில் தெரிகிறது. கோயில் மகோற்சவம் அங்குரார்ப்பணத்தோடு தொடங்குகிறது. புண்ணியமான இடத்திலிருந்து மண்ணெடுத்து வந்து, பாலிகைகளில் நிரப்பி, தானியங்களை விதைத்து முளைக்கச் செய்கிறார்கள். கல்யாண வீட்டிலும் சுமங்கலிகள் பாலிகை தெளித்து, முளைத்த பயிரைப் பிற்பாடு நீர்நிலையில் கரைக்கிறார்கள். தென்பாண்டிச் சீமையில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் விரதமிருந்து, ஓட்டிலும் மண்சட்டியிலும் எருவும் வைக்கோலும் இட்டு, தானியங்களைத் தெளித்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்க்கும் முளைப்பாரி, இளமஞ்சள் நிறத்தோடு நெடுநெடுவென்று நிமிர்ந்து, கும்மிப் பாட்டுக்கு நடுவே நாளுக்கு நாள் உயர்ந்து, கடைசியில் ஊர்வலமாகச் சென்று குளத்தில் சேர்கிறது. வீட்டு முற்றத்துத் துளசி மாடமோ ஆண்டு முழுவதும் நிற்கும் தொட்டி. அதற்குத் தினமும் தண்ணீர் விடுவதும் விளக்கேற்றுவதும் பூஜை. துவாதசியிலும் அஸ்தமனத்துக்குப் பின்னும் அதன் தளத்தைக் கிள்ளலாகாது என்பது நியமம்.

இம்மூன்று வழக்கங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. கட்டி வளர்ப்பதை இவை தடுக்கவில்லை. கட்டி வளர்ப்பவனைக் கட்டுகின்றன. விரதம், சுத்தி, காலநியமம், பறிக்கக்கூடாத வேளை என்று ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு கட்டுப்பாட்டை விதித்து, செடியின் வேருக்குச் சுவர் எழுப்பியவனுடைய இச்சைக்கும் ஒரு சுவர் எழுப்புகின்றன. எனினும் முளைப்பாரியும் பாலிகையும் நம் விசாரத்துக்கு முழு விடையாகமாட்டா. அவை தெய்வத்துக்கென்றே விதைக்கப்பட்டுத் தெய்வத்துக்கென்றே கரைக்கப்படுகின்றன. நாமோ தக்காளியை ரசத்துக்கும் பச்சை மிளகாயைத் தாளிதத்துக்கும் வளர்க்கிறோம். சுயநலம் கலந்த வளர்ப்புக்கு எது தர்மம் என்பதே இல்லறத்தானுடைய பிரச்சினை.

கட்டும் அருளும் ஒருங்கே இருக்கக்கூடுமா என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தம் போல ஆழ்ந்து ஆராய்ந்த தரிசனம் வேறில்லை எனலாம். ஆணவ மலத்தால் மூடுண்டு, அறிவும் செயலும் இன்றிக் கிடந்த ஆன்மாவுக்கு இறைவன் தநு, கரண, புவன, போகங்களைக் கொடுத்து, உடம்பு என்னும் எல்லைக்குள் நிறுத்தி, வினைகளை நுகரச் செய்து, மலபரிபாகம் வருவிக்கிறான். அவன் செய்யும் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. அந்த மறைப்பும் அருளின் வேறல்ல என்பது சித்தாந்திகளின் துணிபு. எல்லைக்கு உட்படுத்துவது என்ற ஒன்றே கொடுமையாகிவிடாது. அந்த எல்லை உள்ளே இருப்பதன் பரிபாகத்துக்கு உதவுகிறதா, தடையாகிறதா என்பதே பார்க்க வேண்டியது என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு மாடித் தொட்டிகளை வரிசையாகப் பார்ப்போமானால், பல ஐயங்கள் தெளிகின்றன. கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை முதலியவை பன்னெடுங்காலமாக மனிதன் கையோடு வளர்ந்து பழகியவை. காட்டில் சுதந்திரமாய்த் திரிந்ததைப் பிடித்து வந்து அடைத்தோம் என்ற பழி அவற்றின் விஷயத்தில் இல்லை. போதிய அளவுள்ள தொட்டி கிடைத்தால் அவை முளைத்து, பூத்து, காய்த்து, விதை முற்றித் தம் ஆயுளை நிறைவு செய்கின்றன. கீரைக்கு அகன்ற தட்டு போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஓரடி ஆழமாவது வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க எண்ணி ஒரு சிறு டப்பாவில் தக்காளியை நட்டு, காய்க்கவில்லையே என்று குறைப்படுபவன், அந்தச் செடியின் பரிபாகத்துக்கு வேண்டிய எல்லையைக் கொடுக்காமல் எல்லையை மட்டுமே கொடுத்தவன் ஆகிறான்.

அப்படியானால் ஆலையும் அரசையும் சிறு தட்டில் குறுக்கி நிறுத்துவது அதர்மந்தானே என்று கேட்கலாம். கண்ணுக்கு இனிமைக்காக ஒரு பெருமரத்தின் சுபாவத்தை ஒடுக்குவதில் எனக்கு உற்சாகம் இல்லை. ஆயினும் அவசரமாகத் தீர்ப்புக் கூறிவிடாதபடி ஒரு மரம் குறுக்கே நிற்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வருவதாகக் கருதப்படும் ஜப்பானிய வெண்பைன் ஒன்று, ஹிரோஷிமா நகரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு, 1945-இல் அங்கே அணுகுண்டு வீழ்ந்தபோது சுவரின் மறைவில் தப்பி, 1976-இல் அமெரிக்க மக்களுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஒருவர் கை தளரும்போது மற்றொருவர் கை நீண்டு, தண்ணீர் முறை தவறாமல் நடந்திருந்தாலன்றி இது சாத்தியமில்லை. முதலில் அந்த மரத்தைத் தொட்டியில் இட்டவன் செய்தது சரியோ தவறோ, அதன் விளைவான கடமையைப் பின்வந்தவர்கள் தட்டிக் கழிக்கவில்லை. கட்டியவன் போன பிறகும் கட்டு நிற்கும்; ஆகையால் கடனும் நிற்கும்.

இந்தக் கடன் என்பதே என் கருத்தில் இவ்விஷயத்தின் மர்மம். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரைக் கொடுத்தான் என்று தமிழகம் இன்றளவும் கொண்டாடுகிறது. அந்த முல்லையின் குறையைப் பாரி உண்டாக்கவில்லை. வழியிலே கண்டான், இரங்கினான், கொடுத்தான். ஆகவே அது கொடை. தொட்டியில் தவிக்கும் செடியின் தாகத்தை உண்டாக்கியவர்களோ நாமே. வேரை ஈரத்துக்குப் போகவொட்டாமல் மறித்துவிட்டு, பிறகு ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, நாம் ஏதோ ஜீவகாருண்யம் செய்துவிட்டதாகப் பெருமிதம் கொள்வது, கடன்பட்டவன் தவணை கட்டிவிட்டுத் தர்மம் செய்ததாகச் சொல்லிக்கொள்வதற்கு ஒப்பாகும். இறைவன் தரும் எல்லைக்கும் நாம் தரும் எல்லைக்கும் உள்ள பேதமும் இதுவே. அவனுக்கு ஆன்மாக்களிடமிருந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நமக்குக் காய் வேண்டும். வாங்குபவன் அருளாளன் அல்லன், அவன் கடனாளி.

கடனாளியின் வேலை தண்ணீரோடு முடிவதில்லை. பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக மலர்கின்றன. தோட்டத்திலானால் தேனீயும் வண்டும் இடையே தூது நடக்கும். அவை எட்டிப் பாராத உயர்ந்த மாடியில், காலை வேளையில் ஆண்பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவிவிடும் வேலை வளர்ப்பவன் மேல் விழுகிறது. உயர்ந்த குடியிருப்பும் அவன் தேர்ந்துகொண்டது, தொட்டியும் அவன் தேர்ந்துகொண்டது. ஆகவே வராத தேனீயின் தொழிலையும் அவனே ஏற்கவேண்டியவன். இத்தனை செய்தும் கோடை உஷ்ணத்தில் தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்வது உண்டு. கொடை கொடுத்தவனாகத் தன்னை எண்ணுபவனுக்கு அங்கே கோபம் வரும். கடன் தீர்ப்பவனுக்கு வர நியாயமில்லை. மறுநாளும் தண்ணீர் விடவேண்டியதுதான். பலனில் பற்றற்ற கருமம் என்பதைக் காயைப் பற்றிய அலட்சியமாகப் புரிந்துகொண்டவர்கள் நல்ல தோட்டக்காரர்கள் ஆனதில்லை. காய்க்க வேண்டும் என்ற அக்கறை முழுவதையும் வைத்துக்கொண்டு, காய்க்காதபோது செடியின் மேல் குற்றம் சாட்டாதிருப்பதே அந்த உபதேசத்தின் பிரயோகம்.

இனி, மிகவும் கூசத்தக்க இடத்துக்கு வருவோம். செம்பருத்தித் தண்டில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொள்கிறது. அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்க்கிறது. வேப்பெண்ணெயையும் சோப்புக் கரைசலையும் கலந்து தெளித்தால் அவை மடியும். ஓர் உயிரைக் காக்கப் பல உயிர்களைப் போக்குவது எந்த அஹிம்சையில் சேர்ந்தது? சமண ஆசாரியர்கள் இதற்குச் சுலபமான சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இம்சையைத் தரம் பிரித்தார்கள். வேண்டுமென்றே சங்கற்பித்துச் செய்யும் இம்சை, சமையல் முதலிய வீட்டுக் காரியங்களில் நேரும் இம்சை, தொழிலில் நேரும் இம்சை, தற்காப்பில் நேரும் இம்சை என்று நான்காக வகுத்து, முதலாவதை இல்லறத்தானுக்கு அறவே விலக்கினார்கள். மற்றவற்றைத் துறவிக்கு விலக்கி, இல்லறத்தானுக்கு இயன்றவரை குறைக்கச் சொன்னார்கள். இந்த நியாயத்தின்படி, பூச்சி கண்ட இலையை முதலில் கிள்ளி அப்புறப்படுத்துவது, அதனால் தீராவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது, அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் என்று படிப்படியாகச் செல்பவனுக்கும், கண்டவுடன் கொடிய நஞ்சைத் தெளித்து நல்ல வண்டையும் சேர்த்து அழிப்பவனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இருவர் கையிலும் உயிர் போகத்தான் போகிறது. ஆனால் முன்னவன் கணக்கு வைத்திருக்கிறான். பின்னவன் கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டான்.

கணக்கு வைத்துக்கொள்வது என்ற இந்தக் கருத்தை மநு ஸ்மிருதி விசித்திரமான முறையில் கூறுகிறது. ஒவ்வொரு கிருஹத்திலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது அது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், தண்ணீர்க் குடம். தத்துவ விசாரத்தில் யாருக்கும் தீங்கு செய்யாத உதாரணமாக வந்து போன குடம், வீட்டு மூலைக்கு வந்தவுடன் கொலைக்களமாகிவிடுகிறது; அறியாமலே அதில் சிற்றுயிர்கள் மடிகின்றன. இதற்காக அடுப்பை அவிக்கவும் குடத்தை உடைக்கவும் சாஸ்திரம் சொல்லவில்லை. நாள்தோறும் ஐந்து வேள்விகளைச் செய்து ஈடுகட்டு என்கிறது. அவற்றுள் ஒன்று பூதயக்ஞம், அதாவது மற்ற ஜீவராசிகளுக்கு உணவு அளிப்பது. வள்ளுவரும், உள்ளதைப் பகுத்து உண்டு பல உயிர்களையும் பேணுவதே அறங்களுள் தலையாயது என்பதை ஈகை அதிகாரத்தில் வைக்காமல், கொல்லாமை அதிகாரத்தில் வைத்தார். கொல்லாதிருத்தல் மட்டும் இல்லறத்தானுக்குப் போதாது என்றும், முழுவதும் கொல்லாதிருக்க அவனால் இயலாது என்றும் அவர் அறிந்திருந்தார் போலும். ஆகவே கொல்லாமைக்குப் பக்கத்திலேயே பகிர்தலை நிறுத்தினார்.

மாடியில் நாலு தொட்டி வைப்பவன், தன் வீட்டில் ஆறாவதாக ஒரு கொலைக்களத்தைத் திறக்கிறான். அதே சமயத்தில் பூதயக்ஞத்துக்கு ஒரு வேதிகையையும் அமைக்கிறான். கொய்யாவில் பாதியை அணில் கடித்துவிட்டதென்றும், கீரை விதையைச் சிட்டுக்குருவி பொறுக்கிவிட்டதென்றும் மனம் புழுங்குவதற்குப் பதில், ஈடுகட்ட வேண்டிய பாக்கியில் இவ்வளவு தீர்ந்தது என்று வரவு வைக்கலாம். காய்த்ததில் முதல் காயைத் தெய்வத்துக்கும், மிகுந்ததை அண்டை வீட்டுக்கும், முற்றிய விதையில் ஒரு பங்கை மறு விதைப்புக்கும் ஒதுக்குவது வெறும் ஆசாரமல்ல. அந்தச் செடி நம்மால் இழந்ததை அதன் சந்ததிக்கும், நாம் அதனிடம் பெற்றதை உலகத்துக்கும் திருப்பித் தரும் முறை.

அதிகாரம் உண்டா என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம். ஓர் உயிரை எல்லைக்குள் வைக்கும் அதிகாரம் பிறப்பாலோ, அறிவின் உயர்வாலோ, தொட்டியை விலை கொடுத்து வாங்கியதாலோ வருவதில்லை. அந்த எல்லை உண்டாக்கும் குறைகளையெல்லாம் தன் கடனாக ஒப்புக்கொள்வதால் மட்டுமே வருகிறது. ஒப்புக்கொண்டதை நிறுத்திய நாளில் அவ்வதிகாரமும் போய்விடுகிறது. இது செடிக்கு மட்டும் உரிய நியாயமா என்பதைக் கூண்டில் பறவையும் கயிற்றில் மாடும் வைத்திருப்போரும், தம் வீட்டில் பிறர் உழைப்பை நம்பி வாழ்வோரும் தாமே யோசித்துக்கொள்ளட்டும். தொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவன் மண் கலவையைப் பற்றியும் விதையைப் பற்றியும் விசாரிக்கிறான். அதற்கு முன் அவன் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஊருக்குப் போகும் நாட்களில் இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? அதற்கு விடை இருந்தால் எத்தனை தொட்டி வேண்டுமானாலும் வாங்கலாம். விடை இல்லாவிட்டால் ஒன்றும் வாங்காதிருப்பதே அறம்.